ஆறிய சூப் வேறு, குளிர்ந்த சூப் வேறு

நான் முதன்முதலில் செய்தது குளிர்ந்த சூப்பே இல்லை. வழக்கமாகச் செய்யும் தக்காளி சூப்தான். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, தக்காளியை வேகவைத்து அரைத்து, சோளமாவு கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள். ஆவி பறக்கும் எதையும் வீட்டில் யாரும் சீண்டவில்லை. மறுநாள் மத்தியானம் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். கண்ணாடிக் கிண்ணங்களில் சூப்பை எடுத்து, ஆளுக்கொரு புதினா இலையும் செருகி, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

ஸ்பூனை விட்டால் ஸ்பூன் அப்படியே நின்றது. மேலே வெண்ணெய் மஞ்சள் மஞ்சளாகத் துணுக்குகளாய் உறைந்து கிடந்தது. வாயில் வைத்தால் மேலண்ணத்தில் மெழுகு தடவிய மாதிரி ஒரு படலம். எல்லாவற்றையும் விட மோசம், உப்பே இல்லை. முந்தின ராத்திரி சூடாக ருசி பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“அப்பா, இதைக் குடிக்கணுமா, வெட்டிச் சாப்பிடணுமா?” என்றாள் மகள். அக்கா நாசூக்கானவள். “நல்லாத்தான்டா இருக்கு. லேசா சுட வச்சா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணங்களைத் திரும்ப வாங்கி, பாத்திரத்தில் கவிழ்த்து, அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லாரும் வியர்க்க வியர்க்கக் குடித்தோம்.

அதற்கப்புறம் சில கோடைகள் போய்விட்டன. இப்போது வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் ஃபிரிட்ஜில் ஏதாவது ஒரு சூப் ஜாடி இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு நடந்த குளறுபடி ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் கை படிந்தது.

உப்பு காணாமல் போன கதையை முதலில் சொல்கிறேன். நாக்கின் சுவை மொட்டுகளில் டிஆர்பிஎம்5 என்று ஒரு புரதம் இருக்கிறது. இனிப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற உமாமிச் சுவை ஆகியவை மூளைக்குப் போய்ச் சேர இது வேலை செய்தாக வேண்டும். குளிரில் இது சோம்பிக் கிடக்கும். 15 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற உற்சாகமாகிவிடும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உறைந்திருந்தபோது அளவாக இருந்த அதே இனிப்பு உருகியதும் திகட்டும். மணமும் அப்படித்தான். குளிர்ந்த திரவத்திலிருந்து மணம் அவ்வளவாக மேலே எழும்பாது. உப்பு உறைப்பது வேறு வழியாக என்றாலும், என் நாக்குக்குக் குளிர்ந்த சூப்பில் அதுவும் மங்கியே தெரிகிறது.

ஆகவே சூடாகவோ, அறை வெப்பத்திலோ ருசி பார்த்து உப்பை முடிவு செய்யக் கூடாது. நான் கண்டுபிடித்த குறுக்குவழி இது. ஒரு சின்ன ஸ்டீல் தட்டை ஃப்ரீசரில் போட்டு வைப்பேன். இரண்டு ஸ்பூன் சூப்பை அதில் ஊற்றி மறுபடி உள்ளே வைத்து, ஐந்து நிமிடம் கழித்து எடுத்து நக்கிப் பார்ப்பேன். (சமையலறையில் ஆள் இல்லாதபோது செய்வது நல்லது.) அந்தத் தட்டு சொல்வதுதான் உண்மை. பெரும்பாலும் இன்னொரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் தேவைப்படும். அப்படியும், பரிமாறுவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடுவேன். ராத்திரி முழுக்க ஊறிய சூப் காலையில் வேறு ஆளாக இருக்கும்.

கொழுப்பு விஷயம் சுலபம். ஃபிரிட்ஜின் குளிரில் வெண்ணெய் கட்டியாகிவிடும், எனவே அதைத் தவிர்த்துவிடலாம். ஆலிவ் எண்ணெயும் ஃபிரிட்ஜில் கலங்கி உறையக்கூடியதுதான். ஆனால் அரைக்கும்போது நுண்துளிகளாகச் சூப்புக்குள் கலந்துவிட்டால் வாயில் தட்டுப்படாது. எலும்பு வேகவைத்த சாற்றில் செய்தால் அதிலுள்ள ஜெலட்டின் மொத்தத்தையும் ஜெல்லியாக்கிவிடும். அப்படி வேண்டுமென்றே உறையவிட்டுச் சாப்பிடுகிற சூப்பும் உண்டு, எனக்கு அது ஒத்துவரவில்லை.

மாவுச்சத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். சோளமாவு, மைதா, உருளைக்கிழங்கு எல்லாமே ஆற ஆற இறுகும். சூடாக இருக்கும்போது “என்ன, இவ்வளவு தண்ணியா இருக்கே” என்று தோன்றினால்தான் குளிர்ந்தபின் பதமாக இருக்கும். சோளமாவை நான் அறவே விட்டுவிட்டேன். கெட்டி வேண்டுமென்றால் ரொட்டி, பாதாம், தயிர் என்று ஏதாவது ஒன்று.

ரொட்டி என்றதும் காஸ்பாச்சோவுக்கு வந்தாக வேண்டும். ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியாவைச் சேர்ந்த, வேகவைக்காத பச்சைச் சூப். அடுப்பே வேண்டாம் என்பதால் இதைத்தான் முதலில் பழகினேன், அதிகம் சொதப்பியதும் இதில்தான். இன்று தக்காளி இல்லாமல் இதை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த காய். அதற்கு முந்திய காஸ்பாச்சோ என்பது காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், உப்பு, தண்ணீர் இவற்றை உரலில் இட்டு இடித்ததுதான். இது தெரிந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இது அரைத்த காய்கறிச் சாறு இல்லை. ரொட்டியும் எண்ணெயும்தான் அடித்தளம், தக்காளி பின்னால் வந்து உட்கார்ந்த விருந்தாளி. ரொட்டியை விட்டுவிட்டு நான் செய்த முதல் இரண்டு தடவையும் கிண்ணத்தில் அடியில் தண்ணீர், மேலே நுரை என்று பிரிந்து போனது அதனால்தான்.

இப்போது எடுக்கும் அளவு இது. நன்றாகப் பழுத்த தக்காளி 1 கிலோ, நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று, பச்சைக் குடைமிளகாய் பாதி, பூண்டு ஒரே ஒரு பல், ஓரம் நீக்கிய முந்தின நாள் ரொட்டி 60 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, வினிகர் 2 மேசைக்கரண்டி. ஸ்பெயினில் ஷெர்ரி வினிகர் ஊற்றுவார்கள். கிடைக்காவிட்டால் மென்மையான எந்த வினிகரும் ஆகும். உப்பு, சமமாக வழித்த டீஸ்பூனால் இரண்டு, ஏறக்குறைய 10 கிராம்.

தக்காளியைப் பொறுத்தவரை ஒரு பிடிவாதம் வேண்டும். கல் மாதிரி இருக்கிற, வெளியே சிவந்து உள்ளே வெளுத்த தக்காளியை வேகவைத்தால் எதையாவது சேர்த்துச் சமாளிக்கலாம். பச்சையாக அரைக்கும்போது அது தன் குணத்தை மறைக்காது. அழுத்தினால் லேசாக அமுங்குகிற, காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் மணக்கிற தக்காளி கிடைக்காத வாரத்தில் நான் இந்தச் சூப்பைச் செய்வதில்லை, தயிர்ச் சூப்புக்குப் போய்விடுவேன்.

காய்களை நறுக்கியதும் அரைக்காமல் உப்பைப் பிசறி அரைமணி நேரம் விட்டுவிடுவேன். உப்பு செல்களுக்குள்ளிருந்து நீரை இழுத்துக்கொண்டு வரும், காய்கள் தங்கள் சாற்றிலேயே மிதக்கும். அந்தச் சாற்றில் ரொட்டியைப் போட்டு ஊறவிட வேண்டும். வெறும் தண்ணீரில் ஊறிய ரொட்டிக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு வாய் குடித்தாலே தெரியும். ஊறும் நேரம் முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னொரு லாபம். மிக்ஸியை மூன்று நிமிடம் விடாமல் ஓட்டினால் உரசலில் ஜாரே வெதுவெதுப்பாகிவிடும், காய்கள் முன்பே சில்லென்று இருந்தால் அது உறைக்காது.

எண்ணெய்தான் என்னை ரொம்ப நாள் படுத்தியது. நல்ல எண்ணெய் என்றால் நல்ல சூப் என்று நினைத்து, காரசாரமான எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் மொத்தத்தையும் ஆரம்பத்திலேயே ஊற்றி முழு வேகத்தில் அரைத்தேன். வேப்பிலை அரைத்த மாதிரி கசந்தது. அந்த எண்ணெயில் கசப்பான பாலிஃபீனால்கள் உண்டு. வெறும் எண்ணெயாக ரொட்டியில் தொட்டுச் சாப்பிடும்போது அவை அடக்கமாக இருக்கும். மிக்ஸி பிளேடு எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகச் சிதைக்கும்போது கசப்பு நாக்கில் வெளிப்படையாக ஏறிவிடுகிறது. இப்போதெல்லாம் மிதமான ஆலிவ் எண்ணெயை, காய்கள் முழுவதும் அரைந்த பிறகு, குறைந்த வேகத்தில் நூல் போல ஊற்றுகிறேன். காரமான எண்ணெயைக் கிண்ணத்தில் மேலாக ஒரு சுற்று விடுவதோடு சரி. எண்ணெய் இறங்க இறங்கச் சிவப்பு நிறம் ஆரஞ்சாக வெளுக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். எண்ணெய்த் துளிகளும் காற்றுக் குமிழிகளும் நுணுக்கமாகக் கலந்துவிட்டதன் அடையாளம் அது, கவலை வேண்டாம்.

அரைத்ததைச் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். தோலும் விதையும் தங்கிவிடும். சோம்பேறித்தனத்தால் இந்தப் படியை விட்ட நாட்களில் மகள் மூன்று ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வாள். சல்லடை வழியாகப் போன நாளில் ஜாடியைக் காலி செய்வாள். இதற்கு மேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

பூண்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு பல் என்று சொன்னேன் அல்லவா, நான் முதலில் போட்டது நான்கு பல். செய்த அன்று சுகமாக இருந்தது. மறுநாள் ஜாடியைத் திறந்தால் தக்காளியைக் காணோம், பூண்டு மட்டும்தான் இருந்தது. பூண்டை நசுக்கும்போது அதன் செல்களில் தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் ஒரு கந்தகச் சேர்மமும் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது. வேகவைத்த சூப்பில் கொதி இதை அடக்கிவிடும், பச்சைச் சூப்பில் அடக்க யாருமில்லை. அந்த ஜாடியைத் தைரியமாகக் குடித்துவிட்டு வேலைக்குப் போய், லிஃப்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதெல்லாம் தனிக் கதை.

நொதியை அடக்கப் புளிப்பு உதவும். பூண்டைத் தனியாக நசுக்கிவிட்டு அப்புறம் வினிகரைச் சேர்ப்பதில் பயனில்லை, அதற்குள் காரியம் முடிந்திருக்கும். வினிகருக்குள் அல்லது எலுமிச்சைச் சாற்றுக்குள் பூண்டைப் போட்டு, அதனோடேயே அரைக்க வேண்டும். இன்னொரு வழி, தோலோடு பல்லைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பது. மணம் மிச்சமிருக்கும், கொட்டுகிற காரம் போய்விடும். இரண்டு நாளைக்குச் சேர்த்துச் செய்கிறேன் என்றால் அளவைப் பாதியாக்கிவிடுவேன்.

காஸ்பாச்சோவின் உறவுக்காரர்கள் சிலர் உண்டு. கோர்டோபா நகரத்தின் சால்மொரேஹோவில் ரொட்டி அதிகம், காய் குறைவு. தக்காளி, ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஸ்பூனால் வழித்துச் சாப்பிடும் கெட்டி. மேலே அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். வயிறு நிறைய வேண்டுமென்றால் இது நல்லது, ராத்திரி இதோடு எங்களுக்குச் சாப்பாடு முடிந்துவிடும். மலாகா பக்கத்து அஹோ பிளாங்கோவில் தக்காளியே கிடையாது. பாதாம், ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், வெள்ளை வெளேரென்று இருக்கும், மேலே திராட்சைப் பழம். இதோடு எனக்கிருக்கும் தகராறு இன்னும் தீரவில்லை, கடைசியில் வருகிறேன்.

வேகவைத்துக் குளிரவைக்கும் சூப்களில் என் மனைவிக்குப் பிடித்தது விஷிசுவாஸ். பெயர் மட்டும்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது உருளைக்கிழங்கும் லீக்கும். லீக் என்பது தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும், வெள்ளைப் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். நியூயார்க் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்த லூயி டியா என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இதை அறிமுகப்படுத்தினார். சிறுவயதில் அவரும் அண்ணனும், அம்மா செய்யும் சூடான லீக் சூப்பில் குளிர்ந்த பாலை ஊற்றி ஆற்றிக் குடிப்பார்களாம். அந்த ஞாபகத்தில் செய்து, தன் ஊருக்குப் பக்கத்திலிருந்த விஷி நகரத்தின் பெயரை வைத்தார். ஆறிய சூப்புக்கு வக்காலத்து வாங்க அவர்கள் வீட்டில் இரண்டு பையன்கள் இருந்திருக்கிறார்கள். என் வீட்டில் எனக்கு யாருமில்லை.

400 கிராம் லீக், 400 கிராம் உருளைக்கிழங்கு, ஒரு லிட்டர் தண்ணீர், குழைந்தபின் 200 மில்லி கிரீம். மூலச் செய்முறையில் வெண்ணெயில் வதக்கச் சொல்வார்கள். கொஞ்சமாகப் போட்டுக் கிரீமோடு சேர்ந்துவிட்டால் பெரிதாகத் தொந்தரவு இல்லை. ஒருமுறை சூடு கண்டவன் என்பதால் நான் ஒரு ஸ்பூன் எண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன். லீக்கைச் சிவக்க விடக்கூடாது, மூடி போட்டு அதன் ஈரத்திலேயே வாடவிட வேண்டும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் போடுவதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பிளேடு செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டும் பசை தயார். வெந்ததைச் சல்லடையில் தேய்த்து எடுத்தால் பட்டு மாதிரி வரும். கை வலிக்கத்தான் செய்யும்.

இதே சூப்தான் எனக்கு இன்னொரு பாடத்தையும் நடத்தியது. இரட்டிப்பு அளவில் செய்து, “ஆறட்டும், அப்புறம் ஃபிரிட்ஜில் வைக்கலாம்” என்று மேடையிலேயே பெரிய பாத்திரத்தில் விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். விடியற்காலை மூடியைத் திறந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள், மூக்கை உறுத்தும் ஒரு புளிப்பு. மொத்தத்தையும் கொட்டினோம்.

கெட்டியான திரவம் பெரிய பாத்திரத்தில் எத்தனை மெதுவாக ஆறும் என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஓரம் ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் கொழிக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உணவகங்களுக்கு வைத்திருக்கும் விதி, சமைத்த உணவை 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்கியாக வேண்டும் என்பது. வீட்டில் தெர்மாமீட்டரோடு உட்கார வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, அதில் சூப் பாத்திரத்தை இறக்கிக் கிளறிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் சூடு போய்விடும். ஐஸ் மட்டும் போட்டால் போதாது, கட்டிகளுக்கு நடுவில் காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருந்தால்தான் பாத்திரத்தை முழுதாகத் தொடும். ஐஸ் இல்லாத நாளில் இரண்டு மூன்று அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பிரித்து ஊற்றுவேன். இப்படிச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுகூட வீணானதில்லை. சமைத்த சூப்பை மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை, பச்சைச் சூப் என்றால் இரண்டே நாள்.

பச்சைச் சூப்பில் கொதி என்ற கடைசிக் காவல்காரன் கிடையாது என்பதும் மனதில் இருக்க வேண்டும். கத்தி, பலகை, காயின் தோல் எல்லாம் சுத்தமாக இருந்தாக வேண்டும். முக்கியமாக முலாம்பழம். அதன் சொரசொரப்பான தோலில் மண்ணும் கிருமியும் தங்கும், வெட்டும்போது கத்தியே அதைச் சதைக்குள் கொண்டுபோகும். 2011இல் அமெரிக்காவில் லிஸ்டீரியா தொற்றிய முலாம்பழத்தால் 33 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது என்பதுதான் பயம். ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டுத்தான் கத்தி வைப்பேன். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் வெட்டிய உடனே செய்து, அன்றே முடித்துவிடுவது நல்லது.

முலாம்பழத்தில் இன்னொரு குறும்பும் உண்டு. தயிரோடு அரைத்து ராத்திரி வைத்தேன், காலையில் கசப்பு. பழத்தில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, பால் புரதத்தில் அது வேலை செய்யச் செய்யக் கசப்பு தலைதூக்கும். அன்னாசி, பப்பாளி, கிவி பழங்களும் இந்த ரகம். தயிர் சேர்ப்பதாக இருந்தால் பரிமாறும் நேரத்தில் கலக்கினால் போதும்.

தயிர்ச் சூப்களில் தோற்பது கஷ்டம். பல்கேரியாவின் தாராதோர் இதில் எனக்கு முதலிடம். 400 கிராம் தயிரை 200 மில்லி குளிர்ந்த தண்ணீரோடு கடைந்து, வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, துளி பூண்டு, சதகுப்பைக் கீரை, இடித்த வால்நட் ஒரு பிடி, ஒரு ஸ்பூன் எண்ணெய். பத்து நிமிட வேலை. வெள்ளரியை அரைக்கக் கூடாது, பல்லில் கடிபட வேண்டும். அதற்கு முன் வெள்ளரியின் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்த்துவிடுங்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியின் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு சேரும், காம்புப் பக்கமும் தோலுக்கடியிலும் அதிகம். நுனியில் மட்டும் என்றால் வெட்டி எறியலாம். உள்ளே வரைக்கும் கசந்தால் காயையே எறிந்துவிட வேண்டும். “ஒரு கசந்த வெள்ளரிதானே, தயிர்ல தெரியாது” என்று போட்டவன் நான். தெரிந்தது.

லித்துவேனியாவில் ஒரு சூப் செய்கிறார்கள், அதன் நிறத்தைப் பார்த்தாலே குழந்தைகள் ஓடிவருவார்கள். பளீர் ரோஸ். புளித்த பாலான கெஃபிரில் வேகவைத்துத் துருவிய பீட்ரூட், வெள்ளரி, வெங்காயத்தாள், சதகுப்பை, மேலே அவித்த முட்டை. கெஃபிருக்குப் பதில் தண்ணீராகக் கடைந்த புளித்த தயிரை வைத்தே நான் ஒப்பேற்றுகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்திலேயே ஆவி பறக்கும் அவித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொடுப்பது. ஒரு வாய் சில்லென்று, ஒரு வாய் சூடாக. குளிர்ச்சி மட்டுமே தொடர்ந்தால் நாக்கு மரத்துவிடும், இப்படி மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஒவ்வொரு வாயும் புதிது. முதல்முறை பீட்ரூட் சூப் குடித்த மறுநாள் கழிவறையில் சிவப்பைப் பார்த்துப் பதறுவார்கள் சிலர், பீட்ரூட்டின் நிறமிதான் அது. என் மச்சானிடம் இதை முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன், காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

சில்லறை விஷயங்கள் சில. வினிகர், தக்காளி சேர்ந்த எதையும் அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி வைக்காதீர்கள், உலோக வாடை ஏறிவிடும். கண்ணாடி அல்லது ஸ்டீல். பரிமாறும்போது ஐஸ்கட்டி போட்டால் கடைசி வாய் வெறும் தண்ணீராக இருக்கும். சூப்பையே ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளைப் போடலாம். அதற்காக உறையும் அளவுக்குக் குளிரவைத்துக் கொடுத்தாலும் ருசி தெரியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு ஐந்தாறு நிமிடம் விட்டால் சரியாக இருக்கும். கிண்ணம் மட்டும் முன்கூட்டியே குளிர்ந்திருக்கட்டும். துளசி மாதிரி இலைகளைப் பச்சையாக அரைத்தால் சிறிது நேரத்தில் கறுக்கும். கொதிநீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் பச்சை நிற்கும். அளவு சின்னதாக இருக்கட்டும், ஆளுக்கு 200 மில்லி தாராளம். மேலே கடிக்கிற மாதிரி ஏதாவது தூவாமல் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட சூப்பும் பாதியில் சலித்துவிடும். வறுத்த ரொட்டித் துண்டு, பொடியாக நறுக்கிய அதே காய், உடைத்த பருப்பு, எது இருந்தாலும் சரி.

அஹோ பிளாங்கோ தகராறுக்கு வருகிறேன். 150 கிராம் பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும், அது வரைக்கும் சுகம். அதற்கப்புறம் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல் மாதிரி நறநறக்கிறது. ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பார்த்தேன். முதலில் பாதாமை மட்டும் துளித் தண்ணீரில் விழுதாக்கி, பிறகு ரொட்டியைச் சேர்த்துப் பார்த்தேன். முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை, ஆனாலும் தக்காளிச் சூப்பின் வழவழப்பு வரவில்லை. மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் சூடு ஏறுகிறது.

போன வாரம் அக்கா வந்திருந்தபோது இதைக் கொடுத்தேன். பழைய நாசூக்கெல்லாம் போய்விட்டது. “ருசி நல்லா இருக்குடா, ஆனா நறநறங்குது” என்றாள். திராட்சையை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றிப் பிழிந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். “அவ்வளவு பாதாம் சக்கையையும் என்னங்க பண்ணுவீங்க?” என்று மனைவி இப்போதே கேட்கிறாள்.